அய்யனாரைப் பர்மனெண்ட் பண்ணச் சொல்லுங்க

எண்பதுகளின் தொடக்கத்தில் நெய்வேலிப் பக்கம் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனால் ஜாதகத்தை அப்புறம்தான் கேட்பார்கள். முதல் கேள்வி "பர்மனெண்ட்டா?" என்பதுதான். ஆமாம் என்றால் பையனுக்கு ஒன்றரைக் கண் என்றாலும் பரவாயில்லை, பந்தக்கால் நடலாம். காண்ட்ராக்ட் என்றால் அவன் மன்மதனாகவே இருக்கட்டும், ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத கிழவர்கள்கூட அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையைத் தடுக்காமல் சொல்வார்கள். அதற்கு எதிர் வார்த்தையைத்தான் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டில் சீக்காளி இருந்தால் நோயின் பெயரைச் சொல்லாமல் 'உடம்பு சரியில்லை' என்று நிறுத்திக்கொள்வோமே, அந்த மாதிரி.

அய்யனார் காண்ட்ராக்ட்.

ஜீப்புகளும் லாரிகளும் ஆபீஸ் கார்களும் பழுது பார்க்கிற மோட்டார் ஷெட்டில் அவனுக்கு வேலை. அந்தப் பக்கத்தில் அய்யனார் என்ற பெயருக்குப் பஞ்சமில்லை. ஷெட்டிலேயே டயர் அய்யனார், கிரீஸ் அய்யனார் என்று ஆளுக்கு ஒரு அடைமொழி இருந்தது. இவன் ஒயர் வேலை பார்த்ததால் கரண்டு அய்யனார். ஊருக்கெல்லாம் கரண்டு கொடுக்கிற இடத்தில் தனக்கு அந்தப் பெயர் வாய்த்ததைப் பற்றி அவன் பெருமைப்பட்டதும் இல்லை, சிரித்ததும் இல்லை. கூப்பிட்டால் வருவான்.

பிறந்தது ஆலங்குழி. அந்த ஊரை இப்போது தேடினால் கிடைக்காது, சுரங்கத்துக்குள் போய்விட்டது. அய்யனாரின் அப்பா அங்கே மூன்று மிராசுகளின் நிலத்தில் மாறி மாறி ஏர் ஓட்டியவர். ஒரு சாண் நிலம் அவர் பேரில் கிடையாது. ஊரைக் காலி செய்தபோது நிலம் கொடுத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் சிலருக்கு வேலை கிடைத்தது. நிலத்தில் வேலை செய்தவன் எதைக் கொடுப்பான்? அவனிடம் இருந்தது வேலை ஒன்றுதான், அதுவும் நிலத்தோடு போய்விட்டது. டவுன்ஷிப் வேலிக்கு வெளியே ஒரு குப்பத்தில் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். செல்லியம்மனையும் மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து குப்பத்துக்குக் கிழக்கே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள். அந்த வகையில் அம்மனும் அங்கே டெம்பரரிதான். கோயில் கட்டவில்லை, கீற்றுதான்.

லாரி கழுவ வந்தவன் ஒயர் பிடிக்கக் கற்றுக்கொண்டான். அதில் அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மற்றவர்கள் இஞ்சின் பிளக்குக்குப் பொறி வருகிறதா என்று பார்க்க ஸ்குரூ டிரைவரை வைத்துப் பார்ப்பார்கள். இவன் விரலை வைப்பான். ஆளைத் தூக்கிப்போடுகிற அடி அது. தொடக்கத்தில் அவனும் கையை உதறிக்கொண்டு ஓடியவன்தான். போகப்போக விரல் நுனிகள் மரத்துப்போய், அடி விழுந்தாலும் மரத்தில் கொசு உட்கார்ந்த மாதிரி நின்றுகொண்டிருப்பான். "வலிக்கலையாடா?" என்று கேட்டால் "தெரியல சார்" என்பான். பொய் இல்லை, அவனுக்கு உண்மையாகவே தெரியாது.

மனசுக்கும் அதே கதிதான். முதல் தடவை 'அடுத்த லிஸ்ட்டில் உன் பேர் இருக்கு' என்று சொன்னபோது அவன் குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். லிஸ்ட் வந்தது, பேர் வரவில்லை. அடுத்த தடவை வீட்டில் மட்டும் சொன்னான். அதற்கு அடுத்த தடவை யாரிடமும் சொல்லவில்லை. காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோனான் என்பார்களே, அப்படி அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டு பேர் உள்ளே போனார்கள். அதற்கும் அவன் கோபப்படவில்லை. அவர்களுக்குக் கை கொடுத்துவிட்டு வந்து ஒரு ஜீப்பின் ஹாரனைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தான். அலை ஓய்ந்து தலை முழுகுவது என்றைக்கு என்று எப்போதோ கரையேறிவிட்டவன் அவன்.

அவன் பெண்டாட்டி செங்கமலம் கரையேறவில்லை.

அவள் குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். ஒரே மகள் தனகோட்டியை வளையமாதேவியில் தன் அம்மா வீட்டில் விட்டிருந்தாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் விடிந்தால் வேலைக்குப் போய்விடுகிற கொட்டகையில் வயசுக்கு வரப்போகிற பெண்ணை யார் பார்த்துக்கொள்வது? பர்மனெண்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் வரும், குவார்ட்டர்ஸ் வந்தால் தாழ்ப்பாள் வைத்த கதவு வரும், மகளும் வருவாள். அவள் கணக்கு அவ்வளவுதான். வளையமாதேவிக்குப் போய்விட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் மகள் பஸ் வரைக்கும் வருவாள். "எப்பம்மா கூட்டிக்கினு போவ?" என்பாள். "ஒங்கப்பாவுக்கு ஆவட்டும்டி" என்பாள் இவள்.

செங்கமலத்திடம் சொத்து என்று சொல்ல ஒன்று உண்டென்றால் அது தலைமுடி. குழாயடியில் மற்ற பெண்கள் "இதுல பாதியக் குடுடி, நான் ஒரு கயிறு திரிச்சிக்கிறேன்" என்று கேலி பேசுவார்கள். உட்கார்ந்தால் அது அவிழ்ந்து இடுப்புக்குக் கீழே விழும். எழுந்திருக்கும்போது அவள் கை தானாகப் பின்கழுத்துக்குப் போய், அள்ளி, ஒரு சுற்றுச் சுற்றிச் செருகிவிடும். அப்படிச் செய்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. அய்யனார் வீட்டில் நிமிர்ந்து பார்க்கிற காரியம் அது ஒன்றுதான். அந்த முடியைத்தான் அவள் செல்லியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். அவனுக்குப் பர்மனெண்ட் ஆனால் முடி எறக்குகிறேன் என்று. அவன் அதைக் கேட்டபோது, நடக்காத காரியத்துக்கு எதை நேர்ந்துகொண்டால் என்ன என்று பேசாமல் இருந்துவிட்டான்.

இனி காருக்கு வருவோம்.

கோபாலகிருஷ்ணன் என்பவர் ஆட்களை எடுக்கிற, லிஸ்ட் போடுகிற ஆபீஸில் ஒரு அதிகாரி. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். கறிவேப்பிலை நிறத்தில் ஒரு பழைய பியட் கார் வைத்திருந்தார். அதில் இஞ்சினுக்குப் பக்கத்தில் காயில் என்று ஒரு அலுமினிய டப்பா இருக்கும். பாட்டரியிலிருந்து வருகிற கொஞ்சம் கரண்டை அது பெரிதாக்கி, பெட்ரோலைக் கொளுத்துகிற பொறிக்கு அனுப்பும். சாவியிலிருந்து வருகிற மெல்லிய ஒயர் ஒரு பித்தளைக் கிளிப்பால் அந்த டப்பாவின் திருகைப் பிடித்துக்கொண்டிருக்கும். கோபாலகிருஷ்ணன் காரில் அந்தக் கிளிப்பு ஒடிந்துவிட்டது. கிளிப்பு விட்டால் ஒயர் விடும், ஒயர் விட்டால் கார் எந்த இடம் என்று பார்க்காமல் நின்றுவிடும்.

ஒரு மாசி மாதத்தில் ஷெட் வாசலிலேயே அது நின்றபோது அய்யனார் பார்த்தான். கையில் கிளிப்பு இல்லை. ஒயர் நுனியைப் பல்லால் சீவி, கம்பியை முறுக்கித் திருகில் ஒரு சுற்றுச் சுற்றி, மேலே கறுப்பு டேப்பை ஒட்டினான். "டெம்பரரிதான் சார். கிளிப்பு வந்ததும் மாத்திரலாம்" என்றான். அவரும் சரி என்று போய்விட்டார். அவருக்கும் மறந்தது, அவனுக்கும் மறந்தது. ஓடுகிற வண்டியை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? நின்றால்தானே ஞாபகம் வரும்.

ஒரு திங்கட்கிழமை நின்றது. கோபாலகிருஷ்ணன் மனைவி விஜயகுமாரியோடு திருவதிகைக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது முத்தாண்டிக்குப்பத்தில் நடுச் சாலையில் வண்டி செத்துவிட்டது. பின்னால் பலாப்பழ லாரி ஒன்று ஹாரன் அடிக்க, விஜயகுமாரி பட்டுப்புடவையோடு இறங்கித் தள்ள, அவர் பானெட்டைத் திறந்து அந்த ஒயரைக் குத்துமதிப்பாக அழுத்தி வைத்துவிட்டு ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தார். வழி முழுக்க விஜயகுமாரி ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமானவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போனதும் அவர் முதல் வேலையாக ஷெட்டுக்குப் போன் செய்தார். போர்மன் சிங்காரவேலு அப்போது அங்கே இல்லை. மைன்ஸுக்குள் ஒரு ஜீப் நின்றுவிட்டது என்று அய்யனாரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். போனை எடுத்தது அட்டெண்டர் மருதமுத்து. ராமநாதபுரத்துக்காரர், எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவர்.

"சிங்காரவேலு இல்லீங்களா?"

"மைன்ஸுக்குள்ள போயிருக்காக சார். மருதமுத்து பேசுறேன்."

"வந்ததும் சொல்லீருங்க. அய்யனாரைப் பர்மனெண்ட் பண்ணச் சொல்லுங்க. டெம்பரரியா ஓட்டுனது போதும்."

"யாரை சார்? கரண்டு அய்யனாரையா?"

"அவனைத்தானுங்க. ரெண்டு நாளைக்குள்ள முடிச்சாகணும். மறுபடி நடுரோட்டுல நிக்க முடியாதுங்க."

போன் வைத்துவிட்டார்.

தமிழில் இந்த 'ஐ' இருக்கிறதே, அது பண்ணுகிற அக்கிரமத்துக்கு அளவே இல்லை. அய்யனாரைக் கூப்பிட்டு எதையோ பர்மனெண்ட் பண்ணும்படி சொல் என்றாலும் அதே பேச்சு. அய்யனாரையே பர்மனெண்ட் பண்ணும்படி சொல் என்றாலும் அதே பேச்சு. வேறு ஊராக இருந்தால், பண்ணவேண்டியது எதை என்று ஒருத்தராவது கேட்டிருப்பார். நெய்வேலியில் கேட்கமாட்டார்கள். இந்த ஊரில் ஒயரும் குழாயும் கதவுக் கீலும் பர்மனெண்ட் ஆவதில்லை, மனிதன்தான் ஆவான். அதுவும் சொன்னது யார்? லிஸ்ட் போடுகிற ஆபீஸ்காரர். நடுரோட்டில் நிற்க முடியாது என்று வேறு சொல்கிறார். ஏழைக் குடும்பம் தெருவில் நிற்கக்கூடாது என்று எவ்வளவு இரக்கம் பாருங்கள் என்று மருதமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் ஷெட்டில் சொன்னார். வாட்ச்மேனிடம் சொன்னார். தபால் கொடுக்கச் சைக்கிளில் போனவர், குவார்ட்டர்ஸ் பக்கம் வழியை வளைத்துக்கொண்டு போய், கொல்லைப்புறக் குழாயில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த செங்கமலத்திடமும் சொன்னார்.

"தங்கச்சி, ஒம் புருசனுக்குப் பர்மனெண்ட் ஆயிருச்சு. ஐயாவே போன்ல சொன்னாக. நான் எங்காதால கேட்டேன்."

செங்கமலம் எழுந்தாள். ஈரக்கையோடு முடியை அள்ளிச் செருகினாள். "மெய்யாலுமாண்ணே?" என்று ஒரு தடவைதான் கேட்டாள்.

ஜீப்பைச் சரிசெய்துவிட்டு அய்யனாரும் சிங்காரவேலுவும் ஷெட்டுக்குத் திரும்பியபோது எல்லோரும் வாசலில் நின்றார்கள். டயர் அய்யனார் இவனைக் கட்டிப்பிடித்தான். யாரோ பட்டாணிப் பொட்டலத்தைக் கையில் திணித்தார்கள். மருதமுத்து போனில் வந்ததை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தார். அய்யனார் கேட்டுக்கொண்டான். "அப்பிடிங்களா" என்றான்.

"என்னடா அப்பிடிங்களா? சிரிடா."

சிரித்தான். உள்ளே எங்கேயாவது சந்தோஷம் கிடக்கிறதா என்று தேடியும் பார்த்தான். நாக்கால் பல்லைத் தடவிப் பார்ப்போமே, அப்படி ஒரு மூலை விடாமல் தடவினான். ஒன்றும் இல்லை. பத்து வருஷத்துக்கு முந்தி இந்தச் சேதி வந்திருந்தால் கூரைமேல் ஏறிக் குதித்திருப்பான் என்று மட்டும் தெரிந்தது. குதிக்க வேண்டியவன் எங்கேயோ போய்விட்டான், அவன் சட்டையை மாட்டிக்கொண்டு இவன் நிற்கிறான். பட்டாணியை நாலு பேருக்குக் கொடுத்துவிட்டு மீதியைப் பையில் போட்டுக்கொண்டான்.

"தங்கச்சிகிட்டயும் சொல்லிட்டேன்" என்றார் மருதமுத்து.

அய்யனார் தலையாட்டினான். வேண்டுதல் ஞாபகம் வந்தது. முடி எறக்க வெள்ளிக்கிழமைதானே போவாள், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தான். ஷிப்டை வைத்து நாளை எண்ணுகிறவனுக்கு அன்றைக்குக் கிழமை என்ன என்பது தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் அம்மனுக்கு உகந்த நாள்தான்.

சிங்காரவேலு நல்ல மனிதர், முறை தெரிந்தவர். ஒரு நன்றி சொல்லிவிடுவோம் என்று உள்ளே போய்க் கோபாலகிருஷ்ணனுக்குப் போன் போட்டார். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது. அய்யனாரைப் பாட்டரி ரூமுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"அய்யனாரு, அவரு சொன்னது ஒன்ன இல்லப்பா."

"அவர் காரு. காயில் ஒயரு. அந்தக் கிளிப்பப் பர்மனெண்ட்டாப் போட்டுக்குடுன்னு ஒங்கிட்டச் சொல்லச் சொன்னாராம். இவன் வேற மாதிரி வெளங்கிக்கிட்டான்."

"அந்தக் கிளிப்பா சார்."

"ஆமாப்பா."

"முறுக்கித்தான் வுட்டுருந்தேன். அவுந்துகிச்சிங்களா?"

"முத்தாண்டிக்குப்பத்துல நின்னுடுச்சாம்."

"சாயங்காலம் போயி போட்டுக்குடுத்துர்றேன் சார்."

சிங்காரவேலுவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. "அழுதுடுய்யா. இல்லாட்டி அந்த மருதமுத்துவ ரெண்டு திட்டு திட்டு. இப்பிடி நின்னா நான் என்னா பண்ணுவேன்?" என்றார். அவர் கண்தான் நனைந்திருந்தது. "அவரு நல்லதுன்னு நெனச்சித்தான சார் சொன்னாரு" என்றான் அய்யனார். மற்றவர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டான். சிங்காரவேலு போய்ச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஷெட்டில் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது. மருதமுத்து அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவில்லை.

சந்தோஷச் சேதிக்கு ஆள் வைத்து அனுப்பவேண்டாம், தானே சைக்கிள் ஏறிப் போகும். அது பொய் என்று சொல்ல ஒரு ஆள் கிளம்பமாட்டான். குப்பத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று அய்யனாருக்கும் தோன்றவில்லை. ஷிப்டு முடியச் சங்கு ஊதவேண்டும், கிளிப்பு செய்யவேண்டும், அப்புறம் வீட்டுக்குப் போகவேண்டும் என்று வரிசையாக நின்றது. அந்த வரிசையில் அவன் நடந்தான்.

பழைய விளக்கு ஒன்றிலிருந்து பித்தளைத் தகட்டை வெட்டி, ராவி, திருகின் அளவுக்குத் துளை போட்டு, வாலை இரண்டு காதாக மடித்துவைத்தான். சங்கு ஊதியதும் அதையும் ஈயம் பற்றவைக்கிற கரண்டுக் கோலையும் எடுத்துக்கொண்டு கோபாலகிருஷ்ணன் குவார்ட்டர்ஸுக்குப் போனான். போர்ட்டிகோவில் பியட் நின்றது. விஜயகுமாரி ஜன்னல் வழியாகக் கோலின் ஒயரை வாங்கிச் சுவர்ப் பிளக்கில் செருகிக் கொடுத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். கோபாலகிருஷ்ணன் வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அய்யனார் பழைய டேப்பைப் பிரித்தான். முறுக்கிய கம்பி கறுத்து, பாதி இழை அறுந்து கிடந்தது. உள்ளே செம்பு பளபளப்பாக வரும் வரைக்கும் ஒயரை வெட்டினான். நுனியைச் சீவி, கிளிப்பின் காதுகளுக்குள் படுக்கவைத்து, குறடால் இறுக்கி, ஈயம் பற்றவைத்தான். புகை மூக்கில் ஏறியது. ஈயம் சொட்டாமல், வழியாமல், ஒரு துளி கண்ணாடியாக உட்கார்ந்தது. நல்ல வேலை. ஊதி ஆற்றிவிட்டுச் சட்டைப் பையில் கை விட்டான். பட்டாணிக்கு நடுவே ரப்பர் உறை தட்டுப்பட்டது.

கிளிப்பின் கழுத்தை மூடுவதற்கான உறை அது. முதலில் அதை ஒயரில் கோத்துவிட்டுத்தான் கிளிப்பை வைக்கவேண்டும். கிளிப்பு வைத்துவிட்டால் அப்புறம் உறை ஏறாது. புது ஆட்கள் செய்கிற தப்பு. அய்யனார் ஒருநாளும் செய்ததில்லை. கையில் உறையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு நேர்த்தியாக வைத்த கிளிப்பின் ஈயத்தை உருக்கி ஒயரைக் கழற்றி, உறையைக் கோத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"சிங்காரவேலு சொன்னாருங்க" என்றார் கோபாலகிருஷ்ணன். "நான் சொன்னது ஒண்ணு, அவிய வெளங்கிக்கிட்டது ஒண்ணு. மனசுல வெச்சுக்காதீங்க."

'வா, போ' என்று பேசுகிறவர் அன்றைக்கு மரியாதை கொடுத்ததை அவன் கவனித்தான்.

"அதெல்லாம் ஒன்னுமில்ல சார்."

"அடுத்த லிஸ்ட்டுல உங்க பேரை நானே பாக்கறேன்."

அய்யனார் தலையாட்டினான். அந்த வார்த்தைக்கு என்று அவன் கழுத்தில் ஒரு ஆட்டல் தனியாக இருந்தது, அது தானாக ஆடியது. கிளிப்பைத் திருகில் மாட்டி நட்டை முடுக்கினான். உறையை இழுத்து மூடினான். அவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, பிளக் ஒயரைக் கழற்றி வழக்கம்போல விரலை வைத்தான்.

"ஷாக் அடிக்காதுங்களா?"

"அடிக்கும் சார்" என்றான். ஒயரை மாட்டினான். இஞ்சின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. அவன் கிளிப்பு வைத்த ஒயரைப் பிடித்துக் குலுக்கினான், இழுத்தான், வண்டி இருமக்கூட இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் குப்பத்துக்கு வந்தான். வழியில் வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தான். 'அது நான் இல்ல, காரு கிளிப்பு.' அவ்வளவுதான் சொல்லவேண்டும். அவள் கத்துவாள், ஒரு பாத்திரத்தை எறிவாள், அப்புறம் சரியாகிவிடுவாள். பக்கத்துக் கொட்டகை மாணிக்கம்மாள் அவனைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"வாப்பா, அய்யனாரு. நம்ம அம்மா கண்ணத் தொறந்துட்டா பாத்தியா? காலையில சேதி வந்ததும் குளிச்சி ஈரப்பொடவையோட போனவதான் அவ. இப்பதான் வந்தா. உள்ள இருக்கா, போய்ப் பாரு."

அவன் குனிந்து உள்ளே போனான்.

செங்கமலம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மொட்டைத் தலை. சந்தனம் அப்பியிருந்தது, காதோரம் காய்ந்து வெடித்திருந்தது. முகம் இத்தனை சின்னது என்று அவனுக்கு இதுவரைக்கும் தெரியாது. அவனைப் பார்த்துச் சிரித்தாள். வெட்கப்பட்டுத் தலையைத் தடவிக்கொண்டாள்.

"எப்பிடி இருக்கேன்? தனகோட்டி பாத்தா பயந்துக்குவா, இல்ல? வர ஞாயித்துக்கெழம போயி இட்டுக்கினு வந்துரலாங்க. குவாட்டர்ஸு வர வரைக்கும் இங்கியே இருக்கட்டும். எனக்கு இனிமே தாங்காது."

அய்யனார் நின்றுகொண்டே சொன்னான். தயார் பண்ணி வைத்திருந்ததைத்தான் சொன்னான். குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை.

"அது நான் இல்ல, செங்கமலம். காரு கிளிப்பு. ஐயா காருல ஒரு கிளிப்பு ஒடஞ்சிருந்தது. அதப் பர்மனெண்ட்டாப் போடச் சொல்லியிருக்காரு. மருதமுத்து தப்பா வெளங்கிக்கினாரு."

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. புரிந்ததும் கத்தவில்லை, எதையும் எறியவில்லை. சிரிப்பு மட்டும் முகத்தில் மறந்து போட்ட சாமான் மாதிரி கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தது. அடுப்பில் சோறு கொதித்துக் கொண்டிருந்தது. ஒரு குச்சியை உள்ளே தள்ளினாள்.

"போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எத?"

"அந்தக் கிளிப்ப."

"போட்டுட்டேன்."

"இனிமே அவுராதே?"

"அவுராது."

"சரி" என்றாள். "ஒன்னுக்காவது ஆச்சே."

வெளியே மாணிக்கம்மாள் யாரிடமோ அய்யனாருக்குப் பர்மனெண்ட் ஆனதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். செங்கமலம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மாவுக்குக் குடுத்தத திருப்பியா கேக்க முடியும்? கேட்டா வேண்டிக்கினு எறக்கினேன்னு சொல்லிக்கிறேன். இனிமே அவ பாடு" என்றாள்.

சோற்றை வடிக்கவேண்டும் என்று எழுந்தாள். எழும்போதே அவள் வலது கை பின்கழுத்துக்குப் போயிற்று. அள்ளுவதற்காக விரல்கள் விரிந்தன. அங்கே ஒன்றும் இல்லை. கை அப்படியே கழுத்தில் நின்றது, எங்கே வந்தோம் என்று தெரியாத மாதிரி. கொஞ்சம் பொறுத்து அதைக் கீழே இறக்கிப் புடவையில் துடைத்துக்கொண்டு கரித்துணியை எடுத்தாள்.

அய்யனார் அதைப் பார்த்துவிட்டான். வருஷக் கணக்காக வராமல் இருந்த வலி எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் வந்து இறங்கியது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, குப்பம் முழுக்கக் கேட்கும்படி அழுதான்.

"சந்தோசத்துல அழுவறான்" என்று வெளியே மாணிக்கம்மாள் சொன்னாள்.